ஒரே வரியில் முடித்துவிட்ட இளவரசர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேனியர்கள் (டென்மார்க்கியர்) இங்கிலாந்தைக் கைப்பற்றியது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். போர்களை நன்றாக விவரித்திருக்கிறார்கள். ஆனால் அப்போதைய இங்கிலாந்து மன்னர் எதல்ரெட்டின் மூத்த மகன் எதல்ஸ்தானை 'முன்பே இறந்துவிட்டார்' என்று ஒரே வரியில் கடந்துபோனது எனக்குப் பெரிய வருத்தம். (924 முதல் 939 வரை ஆண்ட மன்னர் எதல்ஸ்தான் வேறு, இவர் வேறு.)

அரியணை ஏறாதவர்தான். அன்றைய ஆண்டுக்குறிப்புகளும் இவரைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் இவருடைய உயில் ஆயிரம் ஆண்டு தாண்டி இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து மன்னர்கள் பலரைவிட இவரை நமக்கு நெருக்கமாகக் காட்டுவது அதுதான்.

உயில் எழுதக்கூட இளவரசருக்குத் தந்தையின் அனுமதி வேண்டியிருந்தது. மிட்சம்மர் திருநாளுக்கு (ஜூன் 24) அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சம்மதம் வந்து சேர்ந்ததாக உயிலே சொல்கிறது. அவர் இறந்த நாள் ஜூன் 25. 1014ஆம் ஆண்டில் அது அந்த வெள்ளிக்கிழமையேதான். மரணப் படுக்கையில் கிடந்து தந்தையின் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். டேனிஷ் மன்னர் ஸ்வேனுக்கு அஞ்சி நார்மண்டிக்கு ஓடிய எதல்ரெட், திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அப்புறம் அந்த வாள்கள்! தம்பி எட்மண்டுக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை ஆண்ட ஓஃபா மன்னரின் வாள். 796இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் ஓஃபாவுக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது தெரியும். இது அதுவாகவே இருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. இன்னொரு தம்பி எட்விக்குக்கு ஒரு வாள், தந்தைக்கு ஒரு வாள், பாதிரியாருக்கும் ஒரு வாள். வாள்களைத் தீட்டிப் பளபளப்பாக்கிய பணியாளர் ஆல்ஃப்நோத்தையும், மான் வேட்டைக்காரரையும்கூட அவர் மறக்கவில்லை. வளர்ப்புத் தாய்க்கு நிலம் எழுதிவைக்கிறார். தன்னை வளர்த்த பாட்டி ஆல்ஃப்த்ரித்தின் ஆன்மாவுக்காக வேண்டுகிறார். பெற்ற தாயின் பெயரோ எங்கும் இல்லை. குற்றத்துக்குத் தண்டனையாக அடிமையாகித் தன்னிடம் வந்தவர்களை விடுவிக்கச் சொல்கிறார்.

வுல்ஃப்நோத்தின் மகன் காட்வினுக்கு, அவன் தந்தை முன்பு வைத்திருந்த காம்ப்டன் நிலத்தைத் திருப்பித் தருகிறார். 1066இல் நார்மன்களுக்கு எதிரான ஹேஸ்டிங்ஸ் போரில் மாண்ட இங்கிலாந்து மன்னர் ஹரால்டின் தந்தைதான் இந்தக் காட்வின் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பின்னால் நாட்டையே ஆட்டிவைத்த ஒரு குடும்பம் இங்கே ஒரு வரியில் எட்டிப் பார்க்கிறது!

கட்டுரைக்கு நேரடியாகத் தேவைப்பட்ட செய்தியும் இதிலேயே உண்டு. உயிலில் பரிசு பெற்றவர்களில் வடபகுதிப் பிரபுக்களான சிகெஃபெர்த்தும் மோர்காரும் இருக்கிறார்கள். 1015இல் ஆக்ஸ்ஃபோர்டில் மெர்சியாவின் ஆளுநன் எட்ரிக் அவர்களைக் கொன்றான், மன்னர் எதல்ரெட் அவர்களின் சொத்துகளைப் பறித்தார். உடனே எட்மண்ட் தந்தையை எதிர்த்து, சிகெஃபெர்த்தின் விதவையை மணந்து அந்த நிலங்களைத் தன்வசமாக்கினார். ஏன் அப்படித் துணிந்தார்? அவர்கள் அண்ணனின் நண்பர்கள் என்பது தெரிந்தால்தான் அது புரியும்.

அந்த உயில் நீளமானது இல்லை, உங்கள் இதழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த இதழிலாவது அதை முழுதாகத் தமிழில் வெளியிடுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், திருச்சி