குமாசியிலிருந்து அப்பாவுக்கு

குமாசி, கானா, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் வந்து மூணு வாரமாச்சு, உடனே பதில் போடலை, மன்னிச்சிடுங்க. நான் சௌக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த ஊர் ஆத்துக்குச் சாமி உண்டான்னு கேட்டிருந்தீங்க. உண்டுப்பா. இந்தப் பக்கத்து அசாந்தே ஜனங்களுக்கு எல்லாத்துக்கும் மேல ஞாமேங்கிற சாமி. ஆறு, ஏரி, கடல் எல்லாம் அவர் பிள்ளைங்க. இந்தத் தெய்வங்களை அபோசொம்னு சொல்றாங்க. அதுல பெரியவர் தானோ, டெச்சிமான்ங்கிற ஊர்ப் பக்கம் பிறக்குற ஆறு. அங்க அந்த ஆத்து மீனைப் பிடிக்கிறது பாவம்.

சிலை கிடையாது. பித்தளைப் பாத்திரத்துல ஆத்துக் களிமண், இலை, வேர், பாசிமணி போட்டு வைப்பாங்க. பாத்திரம் சாமி இல்லை, சாமி வந்து தங்குற இடம். பூசாரி அதைத் தலையில தூக்குறார், நம்ம கரகம் மாதிரி. அந்தப் பூசாரிக்கு ஒகொம்ஃபோன்னு பேர். மூலிகையும் ஆட்டமும் படிக்கவே ஏறக்குறைய 3 வருஷம். மேளமும் பாட்டும் இல்லாம சாமி இறங்காது.

அதனாலதான் பழைய கோயில்ல முற்றத்தைச் சுத்தி நாலு கட்டு. மேளத்துக்கு ஒண்ணு, பாடுறவங்களுக்கு ஒண்ணு, சமையலுக்கு ஒண்ணு, மூணும் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். நாலாவதுல சாமி, அது மூடியே இருக்கும். சுவர், கழி கட்டி மண் அப்பினது. கீழே செம்மண் மெழுகு, மேலே வெள்ளை, மண்ணாலேயே புடைச்ச கொடியும் சுழியும். கூரை செங்குத்தான ஓலை. ஓலை போய்ப் பல இடத்துல தகரம் வந்துடுச்சு. மழையிலயும் ஈரத்துலயும் அழிஞ்சது போக, 1980-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறினது 10 கோயில்தான். அதைவிட வருத்தம், தங்கம் தோண்டுறவங்க ஆறுகளையே சேறாக்கிட்டாங்க. ஆறு செத்தா அந்தச் சாமி எங்க போய் இருக்கும்?

படையல் எத்தோ. வள்ளிக்கிழங்கை அவிச்சு மசிச்சு, ஒரு பங்கு வெள்ளையா, ஒரு பங்குல செம்பனை எண்ணெய் பிசைஞ்சு, கூட அவிச்ச முட்டை. பக்கத்து வீட்டுப் பாட்டி சமைக்கிற வாசம் சுவர் தாண்டி வரும். அவங்க வியாழக்கிழமை மண்வெட்டியைத் தொட மாட்டாங்க, அது பூமித்தாய் நாள். எதைக் குடிச்சாலும் முதல்ல ஒரு சொட்டு மண்ணுக்கு.

மெழுகின மண் வாசத்துக்கு நம்ம ஐயனார் கோயில் திண்ணைதான் ஞாபகம் வருது. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

சித்தப்பா ஐயனார் கோயில் கூரைக்குத் தகரம் போடச் சொல்றாராமே, வேண்டாம்ப்பா. இறவாரம் குட்டையாச்சுன்னா மண் சுவர் நனைஞ்சு கரையும். ஓலையே வேயுங்க, இறவாரத்தை நல்லா இறக்கி விடச் சொல்லுங்க. என் பங்கை அடுத்த மாசம் அனுப்புறேன், சம்பளம் கொஞ்சம் தள்ளிப் போகுது, அவ்வளவுதான். செல்வி வளையலுக்கு இப்போ வட்டி மட்டும் கட்டுங்க. அம்மாவை முழங்காலுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா? எழுதுங்க.

உங்கள் மகன்,
மணி