ஆலயம் இடிந்த பிறகு

ஐயா,

எருசலேம் ஆலயத்தின் வீழ்ச்சி பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையைப் படித்தேன். கி.பி. 70-ல் ரோமானியர் ஆலயத்தை இடித்ததையும் மசாதா கோட்டை முற்றுகையையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அப்புறம் யூத சமயம் எப்படிப் பிழைத்தது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். அதைக் காப்பாற்றியவர்கள் வாளேந்தியவர்கள் அல்லர், ரபிகள் என்னும் யூத சமய ஆசிரியர்கள். சவப்பெட்டியில் ஒளிந்து எருசலேம் முற்றுகையிலிருந்து தப்பியதாக மரபு சொல்லும் ரபி யோகனான் பென் சக்காய், யாவ்னே என்ற சிற்றூரில் அறிஞர்களைத் திரட்டினார். பலி செலுத்த ஆலயம் இல்லாத நிலையில் ஜெபமும் கல்வியும் அறச்செயலும் சமயத்தின் மையமாயின. சுமார் கி.பி. 200-ல் ரபி யூதா ஹா-நாசி, வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னாவாகத் தொகுத்தார். அதில் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசான்களின் தரப்புகள் சட்டங்களைப் பற்றி வாதிடுகின்றன; ஹில்லேல் தரப்பின் தீர்ப்பே பெரும்பாலும் நிலைத்தது. ஆனாலும் எதிர்த்தரப்பான ஷம்மாய் தரப்பின் கருத்தும் அதில் அழிக்கப்படாமல் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி யூத ஜெபக்கூடத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே பலிபீடம் கிடையாது. கூடத்தின் நடுவே நிற்பது வேதம் வாசிக்கும் மேடை. போர்க்கதை வந்தது சரி, இந்த ரபிகளைப் பற்றியும், குறிப்பாக மிஷ்னாவின் விவாத முறை பற்றியும், ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், நாகர்கோவில்