சங்க காலக் கிண்ணம் என்று விற்றுவிட்டு, 350 ரூபாய் என மதிப்பிட்டது தொடர்பாகப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

வணக்கம். ஆப்பில் எழுதினேன், மெயில் போட்டேன், போனில் சொல்லிச் சொல்லி வாயும் வலித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வருகிறது. யார் முடித்தது, என்ன முடித்தது? அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எந்தக் கிண்ணம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'சங்க காலக் கறுப்பு-சிவப்புக் கிண்ணம், சான்றிதழுடன்' என்று போட்டு 18,500 ரூபாய்க்கு விற்றவர்களே நீங்கள்தான். எப்போது வேண்டுமானாலும் எங்களிடமே மதிப்பிட்டு விற்கலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தீர்கள். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி வந்தது, விற்கலாம் என்று கேட்டேன். சென்னைக் கிளைக்கு நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிண்ணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, கண் மூடாமல் கிளாம்பாக்கம் வந்து இறங்கினேன்.

அங்கே உங்கள் 'மதிப்பீட்டு நிபுணர்' செய்ததைக் கேளுங்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. கிண்ணத்தை ஒரு கையால் தூக்கி உள்ளே பார்த்தார். "என்ன சார், ஒரே கரியா இருக்கு? புளி போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றார். பக்கத்தில் இருந்த பையன் சிரித்தான். கறுப்பு-சிவப்புக் கலத்துக்கு உள்பக்கம் கறுப்பாகத்தான் இருக்கும், ஐயா. கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உள்பக்கமும் விளிம்பும் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிவது, சம்பளம் வாங்கும் நிபுணருக்குத் தெரியவில்லை. 'உள்ளே கறை, பழைய மண்பாத்திரம், 350 ரூபாய்' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுக்கு என்னிடம் வாங்கிய கட்டணம் 1,200 ரூபாய்!

அதோடு விட்டாரா? விளிம்புக்குக் கீழே மீன் போல ஒரு கீறல் இருக்குமே, சரியாக அதன் மேலேயே பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டினார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது மேல்பூச்சும் சேர்ந்து உரிந்து, மீனுக்கு வால் போய்விட்டது. பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காசு கொடுத்தாலும் திரும்ப வருமா அது? என் வாழ்நாள் நஷ்டம் என்றே சொல்வேன்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். 'கார்பன் சோதனையில் 2,300 ஆண்டு உறுதி' என்று போட்டிருக்கிறீர்கள். சுட்ட மண்ணில் கார்பன் சோதனை எப்படிச் செய்தீர்கள்? கீழடியிலேயே கலத்தோடு சேர்ந்து கிடைத்த கரித்துண்டைத்தான் ஆய்வுக்கு அனுப்பினார்கள். மண்கலத்தின் வயதைக் கண்டுபிடிக்க வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று தனியாக உண்டு, அதற்குக் கொஞ்சம் துளைத்துத் தூள் எடுக்க வேண்டும். என் கிண்ணத்தில் துளை எங்கே? எந்த ஆய்வகம் என்று உங்கள் பெண் அலுவலரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்" என்று லைனை வைத்துவிட்டார்.

இனி நேராகவே கேட்கிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய இப்படிப்பட்ட பொருளை விற்கும் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். கிண்ணம் பழையது என்றால் உரிமத்தைக் காட்டுங்கள். பழையது இல்லை என்றால் சான்றிதழ் பொய், பணத்தைத் திருப்பித் தாருங்கள். விற்கும்போது சங்க காலம், வாங்கும்போது சந்தைப் பானை என்றால் எப்படி?

நான் சண்டைக்காரன் இல்லை. உங்களிடம் முன்பு வாங்கிய மர அலமாரி நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 15 நாளில் 18,500 ரூபாயும், மதிப்பீட்டுக் கட்டணமும், பயணச் செலவும், வால் போனதற்கு 50,000 ரூபாய் இழப்பீடும் வரவில்லை என்றால், நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சான்றிதழின் நகல் ஒன்று தொல்லியல் துறைக்கும் போகும். அந்த நிபுணர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

தயவுசெய்து பதிலைத் தபாலில் அனுப்புங்கள். போன் வேண்டாம், எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்

இணைப்பு: பில், சான்றிதழ், 350 ரூபாய்ச் சீட்டு (நகல்கள்), உரிந்த ஸ்டிக்கர்