வெடிக்கு முன்னால் உள்ள நேரம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். “மாமா, அந்தப் படத்த விட்டுட்டன். அஞ்சு லட்சம் இல்லாம ஒண்டும் செய்ய ஏலா” என்றாய். பின்னால் உன் அம்மா தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டது. நீ அதைச் சொன்ன இடத்தில் அந்தச் சத்தமும் நின்றுபோனது. என் தங்கச்சியை எனக்குத் தெரியும், அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இதை வட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் கையில் கமராவை வைத்துக்கொண்டு காசு இல்லை என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நம்ம ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

உன் ஸ்கிரிப்டை நான் இரண்டு தரம் வாசித்தவன். காசுக்குக் கொல்கிற ஒருவன் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறான். மூன்று நாள் தங்குகிறான். வேலையை முடித்துக்கொண்டு போக நினைக்கிறான். கதை அவ்வளவுதான், அது போதும். ஆனால் 22 பக்கத்தில் 14 பக்கம் கடைசித் துரத்தலுக்கே போய்விட்டது. கல்லடிப் பாலத்தில் மூன்று வான், மேலே ட்ரோன், மழைக்குள் ஸ்லோ மோஷன். நீ கேட்கிற அஞ்சு லட்சமும் அந்த 14 பக்கத்துக்குத்தான். மிச்ச எட்டுப் பக்கத்துக்கு உன்னிடம் இருக்கிற கமராவே காணும். எனக்குப் பிடித்ததும் அந்த எட்டுப் பக்கம்தான்.

சரி, இப்போது ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ‘பிளாஸ்ட் ஒஃப் சைலன்ஸ்’. 1961இல் வந்த அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை, ஓடுவது 77 நிமிடம். எழுதி, இயக்கி, கொலைகாரனாக நடித்தவர் அலன் பாரன். அவர் நடிக்க வேண்டும் என்று தொடங்கிய படம் அல்ல அது. முதலில் நடிக்க இருந்தவர் பீட்டர் ஃபால்க். சம்பளம் கிடைக்கிற வேறு படம் ஒன்று வந்ததும் அவர் அங்கே போய்விட்டார். வேறு ஆளைத் தேடக் காசு இல்லை. பாரனே கோட்டைப் போட்டுக்கொண்டு கமராவுக்கு முன்னால் போய் நின்றார். படத்தை யூனிவர்சல் வெளியிட்டது, ஆனால் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பாரன் பிறகு பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்களை இயக்கியே காலத்தைப் போக்கினார். 2008இல் கிரைட்டீரியன் நிறுவனம் டிவிடி போட்ட பிறகுதான் நிறையப் பேர் அதைத் தேடிப் பார்த்தார்கள்.

கதை உன்னுடையதைப் போலத்தான். ஃபிராங்கி போனோ என்பவன் கிளீவ்லண்ட் நகரத்திலிருந்து நியூயோர்க்குக்கு ரெயிலில் வருகிறான். நத்தார் காலம். ட்ரொயானோ என்ற நடுத்தரக் கும்பல்காரனைச் சுட வேண்டும். அதற்காக அவனுக்குப் பின்னாலேயே திரிகிறான். எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வருகிறான், யாரோடு வருகிறான், எந்தப் பெண்ணின் வீட்டுக்கு இரகசியமாகப் போகிறான் என்று பார்க்கிறான். படத்தின் பெரும்பகுதி நடப்பதும் காத்திருப்பதும்தான். ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற படகு, ஹார்லெம் வீதி, கடைக் கண்ணாடிக்குள் நத்தார்ப் பொம்மைகள். ஊர் முழுக்கப் பரிசுப் பொதிகளோடு போகிறது. இவன் வெறுங்கையோடு நடக்கிறான்.

மருமகன், அதைப் பார்த்தபோது எனக்கு நியூயோர்க் நினைவில் நிற்கவில்லை. நம்ம ஊர்தான் வந்தது.

உனக்கு அப்போது இரண்டு வயது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புளியந்தீவு புனித மரியாள் தேவாலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெரிய மனிதர், அதனால் செய்தி உலகம் முழுக்கப் போனது. எங்கள் ஒழுங்கையில் வானொலி திருத்துகிற ஒருவர் இருந்தார். அவரைச் சுட்டது அதற்கு அடுத்த வருடம். பத்திரிகையில் நாலு வரி. ‘இனந்தெரியாதோர் மோட்டார் சைக்கிளில் வந்து’ என்று தொடங்கும் அந்த நாலு வரியை நாங்கள் அந்தக் காலத்தில் எத்தனை தடவை வாசித்தோம் என்று கணக்கில்லை. ஊர் மட்டும், பெயர் மட்டும் மாறும். வாசலடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கொஞ்சம் குறைந்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கை அப்படியே நிற்கும். அது கடந்து போன பிறகுதான் அடுத்த வாய்.

அந்த நாலு வரிக்கு முன்னால் என்ன நடந்தது என்று நான் யோசித்ததே இல்லை, இந்தப் படத்தைப் பார்க்கும்வரை. வந்த இரண்டு பேரும் எங்கேயோ காத்திருந்திருப்பார்கள். ஏதோ ஒரு கடையில் பிளேன்டீ குடித்திருப்பார்கள். காசு கொடுத்து மிச்சத்தை வாங்கியிருப்பார்கள். அந்த மனிதர் எத்தனை மணிக்குக் கடை பூட்டுவார், எந்தக் கையால் பூட்டுவார், பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய மனைவியை விட அந்தக் கிழமை அவரைக் கூடுதலாகக் கவனித்தவர்கள் அவர்கள்தான். இதை நினைத்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

துப்பாக்கியைத் தூக்குகிறவனை அழகாகக் காட்டுகிற படங்கள் ஆயிரம் இருக்கின்றன. அலன் பாரன் அவனுடைய காத்திருப்பைக் காட்டினார். அதில் அழகு எதுவும் இல்லை. அவனுக்குச் சைலன்சர் பூட்டிய துப்பாக்கி விற்கிறவன் ஒரு பருத்த மனிதன், அறைக்குள் எலி வளர்க்கிறவன். கூட்டுக்குள் இருக்கிற எலிகளோடு அவன் கொஞ்சுகிற மென்மை, மனிதர்களோடு பேசும்போது அவனிடம் கிடையாது. பிறகு ஒரு நத்தார் விருந்து. அநாதை இல்லத்தில் கூட வளர்ந்தவன் ஃபிராங்கியைக் கண்டு இழுத்துக்கொண்டு போகிறான். அங்கே பெரிய ஆட்கள் நிலத்தில் கவிழ்ந்து, நிலக்கடலையை மூக்கால் தள்ளிப் போட்டி போடுகிறார்கள். ஃபிராங்கியும் கவிழ்கிறான். சுற்றி நின்று எல்லோரும் கத்துகிறார்கள். அவன் முகத்தில் சந்தோசமா வெட்கமா என்று தெரியாத ஒரு பார்வை வரும். கூலிக்குக் கொல்கிறவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான் என்று அந்த இடத்தில் தெரிகிறது. அது தெரிவதால் அவன் செய்யப் போவதன் பயங்கரம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். பாரன் நடிப்பு பல இடத்தில் மரக்கட்டை. ஃபிராங்கி விரும்புகிற ஒரு பெண்ணோடு வருகிற பகுதி அவசரத்தில் எழுதியது போலிருக்கும். இரவு விடுதியில் பொங்கோ அடித்துப் பாடுகிற காட்சி தேவைக்கு மேல் நீளம். அதற்காக நீ இடையில் நிறுத்தாதே.

நீ முக்கியமாகக் கேட்க வேண்டியது பின்குரலை. படம் இருட்டில் தொடங்குகிறது. ரெயில் சுரங்கத்துக்குள் ஓடுகிறது. தூரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம். ஒரு கரகரத்த குரல், பிறப்பின் வலியைப் பற்றிப் பேசுகிறது. ‘நீ’ என்று பேசுகிறது. கொலைகாரனைத்தான் கூப்பிடுகிறது, ஆனால் பார்க்கிறவனுக்குத் தன்னைக் கூப்பிட்டது போலவே இருக்கும். அந்தக் குரல் லயனல் ஸ்டாண்டருடையது. அது பேசுகிற வசனம் வால்டோ சால்ட் எழுதியது. இரண்டு பேரும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹொலிவுட் வேலை கொடுக்காமல் ஒதுக்கி வைத்தவர்கள். அதனால் ஸ்டாண்டரின் பெயர் படத்தில் இல்லை, சால்ட் வேறு பெயரில் எழுதினார். அதே சால்ட் பிறகு திரைக்கதைக்காக இரண்டு ஒஸ்கார் வாங்கினார்.

இதில் உனக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வீதியில் படம் எடுக்கும்போது பேச்சைப் பதிவு செய்ய மைக் வேண்டும், ஆள் வேண்டும், பஸ்காரன் ஹோர்ன் அடிக்காமல் இருக்க வேண்டும். பின்குரல் என்றால் அது ஒன்றும் தேவையில்லை. ஆள் நடக்கிறான், காத்திருக்கிறான், குரல் பேசுகிறது. குரலை வீட்டுக்குள் கதவைப் பூட்டி வைத்துப் பிறகு எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் வருகிற மாதிரி முரட்டு ஆண்குரல் வேண்டாம். அது அவர்களுடையது. நம்முடையது என்ன என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் காற்று. 1960 செப்டெம்பரில் ‘டோனா’ என்ற சூறாவளி நியூயோர்க் கரையை அடித்தது. ஊரெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தபோது, பாரனும் கூட்டாளிகளும் கமராவோடு ஜமேக்கா விரிகுடாப் பக்கம் போய்க் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். சேற்று நிலம், சம்புப்புல், பழைய பலகைக் குடில்கள், சாம்பல் நிறத் தண்ணீர். புல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கும். காற்று கோட்டைப் பிடித்திழுக்க ஆள் நடக்க முடியாமல் நடப்பான். விசிறி வைத்து அந்தக் காற்றை உண்டாக்க ஏலாது.

78 சூறாவளியைப் பற்றி உனக்கு அம்மம்மா சொல்லியிருப்பா. நவம்பர் 23. எனக்கு எட்டு வயது, உன் அம்மா கைக்குழந்தை. கூரைத் தகரம் கழன்று போகும்போது ஒரு சத்தம் போட்டது, பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி. அம்மம்மா எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மேலே பாயைப் போட்டா. விடிந்து பார்த்தால் வளவில் ஒரு தென்னையும் நிற்கவில்லை. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் நான் கேட்டது அந்தக் காற்றைத்தான்.

சூறாவளிக்குக் காத்திரு என்று சொல்லவில்லை, கடவுளே. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வரும். வலையிறவுப் பக்கம் வாவிக்கரையில் பின்னேரம் போய் நின்று பார். தோணிகள் கட்டிக் கிடக்கும், புல் படுத்துக் கிடக்கும், ஒரு ஆள் இருக்கமாட்டான். மூன்று வானும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். உன் ஆள் அங்கே போய் யாருக்காகவோ காத்திருக்கட்டும். தொடக்கமும் அப்படித்தான். இரவு மெயில் விடியற்புறம் மட்டக்களப்புக்கு வந்து நிற்கும். கடைசி ஸ்டேசன், அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக யாராவது வந்திருப்பார்கள். இவனுக்கு ஒருவரும் வரவில்லை. ஸ்டேசனுக்குள் படம் எடுக்க அனுமதி எடுத்துக்கொள், அதற்கு நானும் வருகிறேன். மற்றபடி சந்தை, பஸ் நிலையம், காந்திப் பூங்காவில் வாவியைப் பார்த்த வாங்கு. அங்கே அவன் கச்சான் கொட்டை வாங்கி உடைத்துக்கொண்டு, கடை பூட்டுகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவர் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கட்டும். அதை மட்டும் எனக்காக வை.

குரல் யாருடையது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. நேற்று அம்மம்மாவிடம் போய்க் கதையைச் சொன்னேன். இப்படி ஒரு பொடியன், ஆளைக் கொல்ல வந்திருக்கிறான், காத்திருக்கிறான், நீங்கள் அவனைப் பார்த்து ‘மனே’ என்று கூப்பிட்டுப் பேச வேண்டும், மருமகன் பதிவு செய்வான் என்றேன். வெற்றிலையை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தா. மறுக்கப் போகிறா என்றுதான் நினைத்தேன்.

“அவன் சாப்பிட்டானா எண்டு முதல்ல கேக்கட்டா?” என்று கேட்டா.

சனிக்கிழமை பின்னேரம் கமராவை எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா