கடலுக்குப் போன தூண்டில்கள்: சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் தூண்டில் மீன்பிடிச் சங்கம் செய்த வேலைகளைச் சொல்லும் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா புதுப்பிப்பு, செயற்குழுக் கூட்டங்கள், அனுமதி வாங்கி அணைப்பக்கம் போய்வரும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வழக்கம்போல நடந்தன. அவற்றை நீட்டி உங்கள் நேரத்தை எடுக்க விரும்பவில்லை. இந்த ஆண்டின் பெரிய காரியம் கடல்தான். உள்ளூர் மீனவர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கரையோரக் கடலிலும் கழிமுகத்திலும் தூண்டில் போடும் பயணங்களை முறையாகத் தொடங்கியிருக்கிறோம். தூண்டிலையே தொடாதவர் முதல் முப்பது வருசம் பழகியவர் வரை எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

போன பொதுக்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏனுங்க செயலாளரே, கடலே இல்லாத சீமையில உட்கார்ந்துட்டு நமக்கெதுக்குங்க கடல் மீனு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொள்ளாச்சியில் நாம் கால் நனைக்கிற ஆழியாறு, கேரள எல்லையைத் தாண்டிச் சித்தூர்ப்புழையாகி, பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலில் விழுகிறது. நம் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில்தான் கொடுவா மீன் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக விடிவதற்குள் போய்விடலாம். அப்புறம், கட்லா, ஜிலேபி என்று அணை மீன்களைப் பிடித்துப் பழகிய கைக்குக் கடல் ஒரு புதுப் பள்ளிக்கூடம். கேட்ட பெரியவர் ஜனவரிப் பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார் என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

அணையில் நீர்மட்டம் இன்று இருந்தபடியே நாளையும் இருக்கும். கடலில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றமும் வற்றமும் மாறும். இன்று காலை ஆறு மணிக்கு ஏறிய நீர் நாளை ஆறேமுக்காலுக்கு மேல்தான் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் பெரிதாக இருக்கும். அஷ்டமி பக்கம் நீர் அவ்வளவாக நகராது. மீன் இரை எடுப்பதெல்லாம் இந்த ஓட்டத்தைப் பொறுத்தது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், சரி. ஆனால் எந்தத் திட்டுக்குப் பக்கத்தில், எந்தப் பாலத்தூணின் எந்தப் பக்கத்தில், வற்றம் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து மீன் வரும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். வழிகாட்டி இல்லாமல் கடலுக்குப் போவதில்லை என்று செயற்குழு எடுத்த முடிவுக்கு இதுதான் காரணம்.

முதல் பயணம் ராமேசுவரம் பக்கத்து மண்டபத்துக்கு, ஜூலையில். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கான தடை, நாட்டுப்படகுக்கு இல்லை. ஆனாலும் பல மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் அந்த நாட்களில் நாம் ஒதுங்கியே இருந்தோம். தடை முடிந்த பிறகு போனபோது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு வசதி உண்டு: கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், நிலத்தின் மறுபக்கம் வடகடலான பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது அப்படியே தலைகீழ். வழிகாட்டி அண்ணன் எங்களை வடகடல் கரைக்கு அழைத்துப் போனார்.

புதியவர்களுக்கு அங்கே கிழங்கான் மீன். மணல் தரையில் கூட்டமாக மேயும், கைக்கு அடக்கமான மீன், பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. சின்னத் தூண்டில் முள், ஒரு சிறிய ஈயக்குண்டு, தோல் உரித்த இறாலில் ஒரு துண்டு, அவ்வளவே. எறிந்துவிட்டு ஈயம் மணலில் உரசி வரும்படி மெதுவாகச் சுற்ற வேண்டும். நூலை ஆள்காட்டி விரலின் மேல் படும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். கிழங்கான் முதலில் இரண்டு தட்டு தட்டும். அப்போது இழுத்தால் அதன் மெல்லிய வாய் கிழிந்து மீன் போய்விடும். அடுத்து நூல் லேசாகக் கனத்து ஒரு பக்கமாக நகரும், அப்போது மணிக்கட்டை மட்டும் உயர்த்தினால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், அம்மாவோடு வந்திருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இதைக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைக்குத்தான் முதலில் பிடிபட்டது. "சார், தட்டும்போது பேசாதீங்க, விரல்ல கேளுங்க" என்று அவள் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு காட்சிக்காகவே இத்தனை ஏற்பாடும் தகும் என்று நினைக்கிறேன்.

பழகியவர்கள் வள்ளத்தில் சற்றுத் தள்ளிப் போய்ப் பாறை மீனுக்கும் ஊழி மீனுக்கும் லூர் என்ற செயற்கை இரையை எறிந்தார்கள். ஏறும் முன்பே பெயர்ப் பட்டியலையும் அடையாள அட்டை நகலையும் கொடுத்துவிட்டுத்தான் போனோம். எல்லைக்கடல் பக்கத்தில் இருக்கும் இடம், விளையாட்டுத்தனம் கூடாது. சிலர் தீவுகளுக்குப் போகலாமே என்று கேட்டார்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அண்ணன் முடியாது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நல்ல வழிகாட்டிக்கு அடையாளம் இது. கேட்ட இடத்துக்கெல்லாம் கூட்டிப் போகிறவரை நாம் தேடவில்லை.

அன்று ஓர் உறுப்பினருக்குக் கடல் கெளுத்தியின் முள் கையில் ஏறிவிட்டது. அண்ணன் பதறாமல் பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைத் தாங்கும் சூட்டுக்கு விளாவி, கையை அதில் முக்கி வைக்கச் சொன்னார். கெளுத்தி, திருக்கை முள்ளின் விஷம் சூட்டில் வலுவிழக்கும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்கலாம். வலி குறைந்த பிறகு மருத்துவரிடம் காட்டி, முள் துண்டு உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்து, தடுப்பூசியும் போட்டோம். இனி ஒவ்வொரு பயணத்திலும் வெந்நீர்ப் பிளாஸ்க் கட்டாயம்.

நவம்பரில் போவதாக இருந்த பாம்பன் பயணத்தைத் தள்ளிவைத்தோம். நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதும், மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும் நினைவிருக்கும். விடுப்பு எடுத்து வைத்திருந்தவர்களுக்கு வருத்தம்தான், புரிகிறது. ஆனால் தேதி நமக்குச் சொந்தமில்லை.

ஜனவரியில் பொன்னானி. இதற்கு நடுவில் ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்துக்கு முதலில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் படகு பேசினோம். முன்பணமும் கொடுத்தோம். போய்ப் பார்த்தால், சொன்ன படகு வேறு, நிற்கும் படகு வேறு. பாதிப் பேருக்கு மேல் உயிர்காப்பு உடை இல்லை. யாரும் ஏறக்கூடாது என்று தலைவர் கரையிலேயே நிறுத்திவிட்டார். பக்கத்தில்தான் தானூர். 2023 மே 7-ஆம் தேதி அங்கே தூவல் தீரத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதை நினைக்கும்போது, முன்பணத்தில் பாதி திரும்பி வராததைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இனி இடைத்தரகர் வேண்டாம், வழிகாட்டியிடம் நேரடியாகப் பேசுவது என்று அன்றே முடிவாயிற்று.

அந்தக் கரையிலேயே விசாரித்து, வயதான படகுக்காரர் ஒருவரைப் பிடித்தோம். எல்லோரும் அவரை இக்கா என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். இக்கா எங்களை உடனே கிளம்ப விடவில்லை. டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, கரையோரக் கல்லில் ஈரம் எவ்வளவு தெரிகிறது என்று போய்ப் போய்ப் பார்த்துவந்தார். ஏற்றம் நின்று நீர் திரும்பிய பிறகுதான் மறுநாள் விடியலுக்கான நேரத்தையும் கணக்குப் போட்டுச் சொன்னார். காரணத்தைப் படகில் விளக்கினார்: வற்றத்தில் சின்ன ஓடைகளிலிருந்து நீர் வடியும்போது மடவைக் குஞ்சும் இறாலும் அதோடு வெளியே வந்தாக வேண்டும். கொடுவா ஓட்டத்தில் நீந்திச் சிரமப்படாது. தூணுக்கோ கல்லுக்கோ பின்னால், நீர் சுழலும் நிழலில் முகத்தை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும், வருவதை வாங்கிக்கொள்ளும். ஆகவே லூரை மீனின் மேல் எறியக்கூடாது. தூணுக்கு மேல்பக்கம் எறிந்து, நீரோட்டமே அதைக் கொண்டுபோய் நிழலில் விடும்படி நூலைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும்.

நம் விசைத்தறி உறுப்பினர் ஒருவருக்கு அப்படி ஒன்று விழுந்தது. வாய் பிளந்து நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது. மீன் எழும்பும்போது ராடை, அதாவது தூண்டில் கம்பை, தாழ்த்தச் சொல்லி இக்கா கத்தினார். கொடுவாவின் உதடு உப்புக் காகிதம் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரம் கத்தி. பிரெய்டு என்ற பின்னல் நூலின் முனையில் லீடர் என்ற கனமான முன்நூல் இல்லையென்றால் அங்கேயே அறுந்திருக்கும். படகருகே வந்ததும் செவுளுக்குள் விரல் விடாமல் வலையில் ஏந்தி, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, தலையை ஓட்டத்துக்கு நேராக வைத்துப் பிடித்திருந்து விட்டோம். வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது.

ஏன் விட்டீர்கள் என்று ஊரில் பலர் கேட்டார்கள். கொடுவா பிறந்து வளர்ந்து முதலில் ஆணாக முதிர்கிறது, சில வருடங்கள் கழிந்து பெரிதான பிறகே பெண்ணாக மாறுகிறது. அதாவது பெரிய கொடுவாவில் பெரும்பாலானவை தாய் மீன். ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டையிடும். சமைக்க நடுத்தர அளவில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை, அன்று மதியம் இக்கா வீட்டில் சாப்பிட்ட குழம்பை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் நீருக்கே திரும்பட்டும் என்பது என் உறுதியான கருத்து. கேரளத்தில் மத்திக்குக்கூட 10 செ.மீ. என்று குறைந்தபட்ச அளவு இருக்கிறது. அந்தக் கரையோரக் கடல் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு. நாம் விருந்தாளிகள்.

அதே பயணத்தின் இரண்டாம் நாள் ஒரு மீனும் படவில்லை. மலையாளமும் தமிழும் கலந்து இக்கா சங்கடத்தோடு கூலியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். முழுக்கூலியும் கொடுத்தோம். அவருடைய அறிவுக்கும் நேரத்துக்கும்தான் கூலி, மீனுக்கு இல்லை. இதைச் சங்கத்தின் விதியாகவே ஆக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புநீர் பட்ட, நூல் சுற்றும் ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே ஏறும். சங்கத்தின் பொது ரீல்களை இரவல் வாங்கிப் போகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

இனி பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானங்கள். பயணத் தேதியை விடுமுறை பார்த்துக் குறிக்காமல், காற்றையும் ஏற்ற வற்றத்தையும் பார்த்து வழிகாட்டி சொல்லும் நாளில் குறிக்க வேண்டும். ஞாயிறு மட்டுமே கம்பெனி விடும் திருப்பூர் உறுப்பினர்களுக்கு இது சிரமம் என்று தெரியும். முன்கூட்டியே பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஞாயிறோடு பொருந்தும் நாட்களை அவர்களுக்கென ஒதுக்கித் தர முயல்வோம். கிளம்பும் முன் ஒன்றிய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைச் செயலாளரும் வழிகாட்டியும் சேர்ந்து பார்க்க வேண்டும். காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை வந்து கரையை அறையும் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. கேரளக் கரையில் ஏப்ரல், மே மாதங்களில் அதற்கு எச்சரிக்கை வரும். வந்தால் பயணம் ரத்து, பேச்சே இல்லை. சங்கத்துக்கெனச் சொந்தமாக உயிர்காப்பு உடைகள், குழந்தைகள் அளவு உட்பட, வாங்க நிதி ஒதுக்க வேண்டும்.

2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியதில் பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரையில் ஒதுங்கின. அடுத்த பொன்னானிப் பயணத்தில் அரை நாள் கரையைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய ஒதுக்கலாம் என்று இக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஆட்களைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

ஆடிக்காற்று கணவாயில் ஓயும்வரை மேற்குக் கரைக்குப் போவதில்லை. அதற்குள் புதியவர்களுக்கு எறியும் பயிற்சி நடக்கும். மைதானத்தில் வாளியை வைத்துக் குறி பார்த்து எறிவதுதான் பாடம், முள் கட்டாத ஈயத்தோடு. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் தாராளமாக வாருங்கள். ராட் இல்லாதவர்களுக்குச் சங்கம் தரும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் எழுதிவிட்டுப் போகவும்.

ஆண்டு முழுவதும் தோள் கொடுத்த செயற்குழுவுக்கும், வண்டி ஓட்டிய தம்பிகளுக்கும், கட்டுச்சோறு கட்டிக் கொடுத்த வீட்டாருக்கும், மண்டபத்து அண்ணனுக்கும், பொன்னானி இக்காவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்