அம்மா பாடிய வேகத்திலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் இப்பகுதியில் கடிதம் எழுதியிருந்த வாசகர் ஒருவர், வீட்டு அறைகளில் ஒலிப்பதிவு செய்கிறவர்களால் நமது நாட்டார் பாடல்களின் தரம் கெட்டுப்போகிறது என்று கவலைப்பட்டிருந்தார். பாடல்கள்மீது அவருக்குள்ள பற்று எழுத்திலேயே தெரிந்தது. நான் இருபது வருடம் இசைக்குழுக்களில் கிற்றார் வாசித்தவன். இப்போது கொட்டாஞ்சேனையில் வாடகை வீடொன்றின் பின்னறையில் பாட்டுப் பதிகிறேன். என் அனுபவம் வேறு மாதிரி இருப்பதால் இதை எழுதுகிறேன்.

என் அம்மா பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். கல்யாணமாகி 1976இல் கொழும்புக்கு வந்தார். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் வேலை. எங்கள் வீட்டில் பாட்டென்றால் வானொலியில் வருவதுதான். அரிசி புடைக்கும்போதும் தம்பியைத் தூங்கவைக்கும்போதும் அம்மா பாடியதை யாரும் பாட்டாக எண்ணியதில்லை. அம்மாவே எண்ணியதில்லை.

1998இல், பதினேழு வயதில், முதல் இசைக்குழுவில் சேர்ந்தேன். பிறகு வெள்ளவத்தையில் இரண்டு குழுக்கள். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், கம்பனி விருந்து. ஓர் இரவுக்கு நாற்பது பாட்டு, எல்லாம் சினிமாப் பாட்டு. பத்து மணிக்குமேல் பைலா. எழுபதுகளில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் நம் வீட்டுப் பேச்சை எடுத்துத் துள்ளிசையாக்கி, இந்த மண்ணின் பாட்டுக்கும் மண்டபம் நிறையும் என்று காட்டினார்கள். நாங்கள் அவர்கள் பாடியதைத் திருப்பிப் பாடினோம், அவ்வளவுதான். அவர்கள் செய்த காரியத்தை நாங்கள் செய்யவில்லை.

ஒருமுறை செய்து பார்த்தோம். அம்மாவின் கும்மிப் பாட்டொன்றை எடுத்து, கீபோர்ட்டில் இருக்கும் ஆயத்தத் தாளத்தைப் போட்டு, சுருதியை உயர்த்தி, கல்யாண வீடொன்றில் பாடினோம். சனம் கைதட்டியது. அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போது, “கடைசிக்கு முன்னாடி பாடுனீங்களே, அது என்னா பாட்டுய்யா? நல்லாருந்துச்சு” என்றார். தன் பாட்டு என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2016இல் பணம் சேர்த்து அவரை ஒலிப்பதிவுக் கலையகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறையில் அம்மாவைத் தனியாக நிறுத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, ஒரே வேகத்தில் பாடுவதற்காகத் தாளம் தட்டும் கிளிக் சத்தத்தைப் போட்டார்கள். தாலாட்டின் இரண்டாம் அடியிலேயே அம்மா நின்றுவிட்டார். “அந்த டிக்கு டிக்கு என்னய வெரட்டுதுய்யா” என்றார். ஒலிப்பதிவாளர் பொறுமையான மனிதர்தான். ஆனாலும் மணிக்கணக்குக்குக் காசு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டும் முடியாமல் திரும்பினோம்.

பிறகுதான் வீட்டில் தொடங்கினேன். கைமாறிக் கிடைத்த ஒரு எஸ்எம்58 மைக், ஒலியைக் கணினிக்கு மாற்றும் சிறிய பெட்டி, பழைய மடிக்கணினி. சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தேன். அந்த மைக் கிட்டே இருக்கும் குரலைத்தான் நன்றாகப் பிடிக்கும், தெருச் சத்தத்தை அவ்வளவாக வாங்காது. அம்மா பாயில் உட்கார்ந்து, மடியில் தலையணையைத் தட்டித் தட்டி அதே தாலாட்டைப் பாடினார். முடிந்தபின் வேகத்தை அளந்து பார்த்தேன். நிமிடத்துக்கு 62 தட்டில் தொடங்கி 54இல் முடிந்திருந்தது. பிள்ளைக்குக் கண் செருகச் செருகப் பாட்டும் மெதுவாகிறது. கிளிக்கோடு பாட வைத்திருந்தால் அந்தத் தாலாட்டு யாரையும் தூங்கவைத்திருக்காது. கடைசி அடியில் புனித லூசியா பேராலயத்தின் மணியும் கேட்கிறது. அதை நான் வெட்டவில்லை.

2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம். எல்லோரையும் போல நாங்களும் கஷ்டப்பட்டோம். ஆனால் மின்விசிறி, தொலைக்காட்சி, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓய்ந்த அந்த நேரத்தில்தான், மடிக்கணினியின் பற்றரி தாங்கிய ஒன்றரை மணித்தியாலத்துக்குள், அம்மாவின் மிகச் சுத்தமான பதிவுகளை எடுத்தேன்.

தப்பு என்ற தோல் பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பதற்கு, ஆளை எழுப்பியது, திருவிழாவிலும் சாவு வீட்டிலும் காமன் கூத்திலும் முழங்கியது தப்பு. மாமா தந்த தப்பு என்னிடம் இருக்கிறது. நெருப்பில் காய்ச்சாமல் அதை அடிக்க முடியாது. கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு பாட்டுக்குள் தோல் தளர்ந்துவிடும். முற்றத்தில் சிரட்டைகளைக் கொளுத்தி மறுபடி காய்ச்சி எடுத்து வந்து அடிக்கிறேன். குளிரூட்டிய கலையகத்தில் யார் நெருப்பு மூட்ட விடுவார்கள்?

வாசகர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. வீட்டில் பதிகிற பலர் கணினியில் செயற்கை எதிரொலியை அள்ளிக் கொட்டுகிறார்கள். நானும் தொடக்கத்தில் அதைச் செய்தேன். சொல்லித் திருத்த வேண்டிய குறை அது. அதற்காகக் கதவைச் சாத்தச் சொல்லாதீர்கள்.

அம்மாவின் பாட்டொன்றில் கோப்பிக் கன்று வருகிறது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைநோய், இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அம்மாவோ அம்மாவின் அம்மாவோ கோப்பித் தோட்டத்தைக் கண்டதில்லை. பாட்டு மட்டும் வாய்வழியே வந்து சேர்ந்திருக்கிறது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் சொற்களும் போயிருக்கும். ஆனால் இராகத்தையும் பாடுகிறவரின் மூச்சையும் அச்சில் வைக்க முடியாது. தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த இருநூறு வருடத்தையும் பாட்டாக நெஞ்சில் வைத்திருப்பவர்கள் எழுபது, எண்பது வயதில் கொழும்பிலும் இருக்கிறார்கள். மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. அம்மாவின் கும்மியை இணையத்தில் ஏற்றிய ஒரு வாரத்தில், அந்த மெட்டு வேறொருவருக்குச் சொந்தம் என்று அறிவித்தல் வந்தது. யாரோ அதே மெட்டைத் தம் பெயரில் பதிந்திருந்தார்கள். விளக்கம் எழுதி எழுதி மூன்று மாதத்துக்குப் பிறகே அது நீங்கியது. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது; அவை எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டன என்று குறிப்பிடவும் சொல்கிறது. நம் ஆட்களே மேடையில் பாடும்போது “நாட்டார் பாடல்” என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறோம். எந்தத் தோட்டத்துப் பாட்டு, யாரிடம் கேட்டது என்று இரண்டு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் கால் பத்தி ஒதுக்கி, வாரம் ஒரு பாட்டை, பாடியவரின் பெயரோடும் ஊரோடும், அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே அச்சிடுங்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, மட்டக்குளிப் பக்கம் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், வீட்டார் உங்கள் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தினால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்கை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். காசு வேண்டாம். அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து பாடட்டும். மின்விசிறியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இசைக்கலைஞன் ஒருவன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.