தான்சானியாவின் முவான்ஸாவில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாயியின் மூட்டுவலி மழையோடு வந்தது, மழையோடு போகும். தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது. கூரைத் தகரம் இன்னும் மாற்றவில்லை.

முதல் வாரம் தினமும் பேசினாய். இப்போது "சுகம்ப்பா" என்று ஒரு சொல்தான் வருகிறது. ஊழியத்தில் வேலை அதிகம் போல. அதைக் கேட்க நான் எழுதவில்லை. கொசுவலையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இருட்டுவதற்கு முன்பே வலையை இறக்கி, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் சொருகு. மலேரியாக் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். முழங்கை வலையில் ஒட்டிக் கிடந்தால் வலைக்கு வெளியே நின்றே கடித்துவிடும். துவைத்தால் சாதாரண சவர்க்காரம் போதும். நிழலில் காயப்போடு, வெயில் பட்டால் வலையில் ஏற்றிய மருந்து செத்துவிடும். கிழிசலை அன்றைக்கே தை.

நம்ம ஹட்டன் குளிரில் இந்தக் காய்ச்சல் கிடையாது. 1934–35இல் குருநாகல், கேகாலைப் பக்கம் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. 2016இல் இலங்கையே மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். அதனால் உன் உடம்புக்கு அது இன்னதென்றே தெரியாது. அங்கே வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து பலமுறை வந்து ஓரளவு தாங்கும் சக்தி இருக்கும். "சும்மா காய்ச்சல்" என்று அவர்கள் வேலைக்குப் போவார்கள். அதைப் பார்த்து நீயும் போகாதே. உடம்பு சுட்டால் அன்றைக்கே விரலில் குத்தி இரத்தம் பார். இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் மறுநாள் திரும்பப் பார். மலேரியாவில் ஃபால்சிபாரம் வகை ஒரே நாளில் ஆளைக் கவிழ்த்துவிடும். குளோரோகுயின் தந்தால் வாங்காதே, அங்கே உள்ள காய்ச்சலுக்கு அது கேட்காது. ஆர்டிமெதர்–லூமிஃபான்ட்ரின் தந்தால் வேளைக்கு 4 மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை. வயிற்றில் பாலோ எண்ணெய்ச் சாப்பாடோ இருக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதென்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப விழுகிறார்கள்.

ஞானஸ்நானத்துக்கு விக்டோரியா ஏரியில் இறங்குவீர்கள் என்று பாஸ்டர் ஐயா சொன்னார். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கரையோரக் கோரைப்புல்லில் இருக்கும் நத்தையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழு வந்து, சில நிமிடத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தொட்டி இருந்தால் ஏரித் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் மூடி வையுங்கள், புழு செத்துவிடும். இறங்கியே ஆகவேண்டுமென்றால், ஆறு எட்டு வாரம் கழித்துப் பிராசிகுவான்டெல் வாங்கிப் போடு, நிறைக்கு ஏற்ற அளவை அங்கே சொல்வார்கள். குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

அங்கே நேரத்தை விடியலிலிருந்து எண்ணுவார்களாமே. காலை 7 மணிதான் அவர்களுக்கு "ஸா மோஜா", முதல் மணி. "ஸா தாத்து" என்றால் 3 மணி இல்லை, 9 மணி. கூட்டத்துக்கு அழைத்தால் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொள்.

நீ சுவாஹிலியில் ஜெபம் பண்ணினாய் என்று பாஸ்டர் ஐயா ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பாயி அழுதுவிட்டாள். நானும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். எங்களுக்கு நீயே சொல்லியிருக்கலாம்.

ராத்திரியில் தூக்கம் இல்லை என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். மலேரியா வராமலிருக்க வாரத்துக்கு ஒன்று போட்டால் போதும் என்று யாராவது மெஃப்ளோகுயின் தந்தால் மாறிவிடாதே. சிலருக்கு அது கெட்ட கனவும் மனச்சோர்வும் தரும். நீ போடுகிற டொக்சிசைக்கிளினே இருக்கட்டும். 100 மில்லிகிராம், தினமும் ஒன்று, சாப்பாட்டோடு, ஒரு கிளாஸ் தண்ணீர் நிறைய. போட்டதும் படுக்காதே, உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு போடுகிற பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்று. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி போடு. வலையை மறக்காதே.

தம்பி, அந்த மாத்திரை விஷயம் ஒன்று இருக்கிறது. உன் பெட்டியில் 40தான் வைத்தேன். பார்மசியில் அவ்வளவுதான் இருந்தது என்று உன்னிடம் சொன்னது பொய். வேண்டிய அளவு இருந்தது. தீர்ந்தால் என்னிடம்தான் கேட்பாய், அந்தச் சாக்கில் பேசுவாய் என்று நினைத்தேன். உன்மேல் கை வைத்து ஜெபித்து அனுப்பிய அன்றைக்கு ஆலயத்துக்கு வெளியே நின்றவன் அதையும் செய்தேன். டிஸ்பென்சரி மேசையில் உட்கார்ந்து மருந்து கொடுத்தவன், கணக்குக் குறைத்துக் கொடுத்தேன், அதுவும் பெற்ற பிள்ளைக்கு. எந்த நோயாளிக்கும் செய்யாத காரியம். என்னை மன்னித்துக்கொள்.

விமானம் ஏறுவதற்கு 2 நாள் முன்பே தொடங்கியதையும் சேர்த்தால் வருகிற வியாழனோடு தீர்கிறது. அதற்கு முன் "டுகா லா தாவா" என்று பலகை போட்ட மருந்துக்கடைக்குப் போ. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கு, பழையது வேண்டாம். ஒரு நாளும் விடாதே. ஊருக்குத் திரும்பிய பின்பும் 4 வாரம் போட வேண்டும். இரண்டு வருடம் கழித்து வந்தாலும், அடுத்த மாதமே வந்தாலும் அந்த 4 வாரம் ஒன்றுதான். உன் அறைக் கட்டில் அப்படியே இருக்கிறது.

இன்றைக்கு எண்ணிப் பார்த்து எத்தனை மிச்சம் என்று எழுது.

அப்பா